செவ்வாய்ல தனியா மாட்டிக்கிட்டவன் படத்தை கால்குலேட்டரோட பார்க்கிறது எப்படி

வேற கிரகத்துல ஒருத்தன் தனியா மாட்டிக்கிட்டு உயிர் பிழைச்சு வர்ற படம் எது வந்தாலும் ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஒரு கோஷ்டி சயின்ஸ் எல்லாம் பக்கா, நாசாவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்குங்கும், இன்னொரு கோஷ்டி எல்லாம் ரீல், லாஜிக்கே இல்லங்கும், ரெண்டு பேருமே ஒரு பெருக்கல் கூட போட்டுப் பார்த்திருக்க மாட்டாங்க. இதுக்கு பிஎச்டி எல்லாம் வேணாம். போன்ல இருக்கிற கால்குலேட்டர், ஒரு துண்டுப் பேப்பர், ரிமோட்ல பாஸ் பட்டன், அவ்ளோதான். நான் இங்க எடுத்துக்கிறது 2015-ல வந்த 'தி மார்ஷியன்', ரிட்லி ஸ்காட் டைரக்‌ஷன், மேட் டேமன் ஹீரோ, ஆண்டி வியர் எழுதின நாவல். ஏன் இதுன்னா, சரிபார்க்கிற அளவுக்கு எண்ணும் விவரமும் வெளிப்படையா வெக்கிற படம் ரொம்ப கம்மி, மத்ததுல எண்ணே சொல்லாம நழுவிடுவாங்க, அதுல எங்க போய் தப்பு கண்டுபிடிக்கிறது.

படம் போடறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஆறு விஷயம் எழுதி வெச்சுக்கங்க. செவ்வாயோட காத்தழுத்தம் பூமியோடதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல, சுமார் 0.6 சதவீதம், அந்தக் காத்துலயும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஈர்ப்பு 38 சதவீதம். வெயில் 43 சதவீதம். சராசரி குளிர் மைனஸ் 60 டிகிரி பக்கம். ஒரு நாள்ங்கிறது 24 மணி 39 நிமிஷம் 35 செகண்ட், அதை சோல்னு சொல்லுவாங்க. கடைசியா சிக்னல், ஒரு வழி போய்ச் சேரவே ரெண்டு கிரகமும் எங்க இருக்குன்னு பொறுத்து 3 நிமிஷத்துலேர்ந்து 22 நிமிஷம் வரைக்கும் ஆகும். எந்த சீன் வந்தாலும் இந்த ஆறுல ஒண்ணை வெச்சு உரசிப் பாருங்க.

அப்புறம் இன்னொரு விஷயம், தப்பு கண்டுபிடிச்ச உடனே குதிக்காதீங்க, அது எந்த ஜாதித் தப்புன்னு முதல்ல பிரிங்க. கதைக்காக தெரிஞ்சே சொன்ன பொய் ஒண்ணு, காசு இல்லாம இல்ல டெக்னிக் இல்லாம விட்டது ஒண்ணு, எடுத்தவங்களுக்கே தோணாம போனது ஒண்ணு. முதல் ரெண்டையும் மன்னிச்சு விட்டுடலாம். மூணாவதுலதான் நமக்கு வேலை.

முதல் ஜாதிக்கு உதாரணம் படம் ஆரம்பத்துலயே வந்துடும், புயல். ராக்கெட்டையே சாய்க்கிற புயல். காத்து தள்ளுற விசை காத்தோட அடர்த்தியையும் வேகத்தோட வர்க்கத்தையும் பொறுத்தது, செவ்வாய்க் காத்தோட அடர்த்தி நம்மளோடதுல அறுபதுல ஒரு பங்கு, அறுபதுக்கு வர்க்கமூலம் போட்டா எட்டுக்குக் கொஞ்சம் கம்மி. அதனால சுருக்கு வழி இதுதான்: செவ்வாய்ல காத்து வேகம் எவ்வளவு சொல்றாங்களோ அதை எட்டால வகுங்க, பூமியில அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சிடும். நாவல்ல சொல்ற வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர், எட்டால வகுத்தா 22, அந்தக் காத்துல கொடியில காயப்போட்ட வேட்டி நல்லா படபடக்கும், ராக்கெட் எல்லாம் சாயாது. செவ்வாயோட பெரிய புயல்லயே வேகம் 100 கிலோமீட்டர் பக்கம்தான் போகும். இது தப்புன்னு வியரே வெளிப்படையா ஒத்துக்கிட்டவர், இயற்கைதான் முதல் அடி அடிக்கணும்னு ஆசைப்பட்டு தெரிஞ்சே வெச்சது. சரி விடுங்க. ஆனா செவ்வாய்ப் புயலால ஆபத்தே இல்லன்னு நினைச்சுடாதீங்க, தள்ளிக் கொல்லாது, இருட்டடிச்சுக் கொல்லும். 90 சோல் தாங்கினா போதும்னு 2004-ல இறக்கின ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் பதினாலு வருஷத்துக்கு மேல ஓடிட்டு, 2018 ஜூன்ல கிரகம் பூரா தூசி மூடினப்ப சோலார் பேனல்ல கரண்ட் இல்லாம அடங்கிப் போச்சு, அதுக்கப்புறம் பேசவே இல்ல.

ரெண்டாவது ஜாதி நடை. 38 சதவீத ஈர்ப்புல எவனும் இப்படி அழுத்தி நடக்க மாட்டான், ஷூட்டிங் நடந்தது ஜோர்டான்ல வாடி ரம் பாலைவனத்துலயும் புடாபெஸ்ட் ஸ்டுடியோவுலயும், அங்க ஈர்ப்பைக் குறைக்க முடியாது, படம் பூரா எல்லாரையும் கயித்துல தொங்கவிட்டா பட்ஜெட் தாங்காது. இதைப் போய் பெரிய கண்டுபிடிப்பா எழுதாதீங்க.

இப்ப மூணாவது, எனக்குப் பிடிச்ச சீன். அவன் தங்குற கூடாரத்தோட, படத்துல அதுக்குப் பேரு ஹேப், ஏர்லாக், அதாவது உள்ள இருக்கிற காத்து போயிடாம வெளிய போய் வர்ற ரெட்டைக் கதவு அறை, வெடிச்சுப் பிச்சிக்கிட்டுப் போயிடும். அந்த ஓட்டையை பிளாஸ்டிக் ஷீட், டேப், பெல்ட் எல்லாம் வெச்சுக் கட்டி மூடுவான், ராத்திரி வெளிய காத்து அடிக்க அடிக்க அந்த ஷீட் உள்ள வெளிய படபடன்னு அடிச்சுக்கும், இவன் மிரண்டு போய் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். தியேட்டர்ல நல்லாத்தான் இருந்துச்சு. இங்க பாஸ் பண்ணுங்க, பேப்பரை எடுங்க. உள்ள அவன் ஹெல்மெட் இல்லாம இருக்கான், அப்படின்னா உள்ள மூச்சு விடற அளவுக்கு அழுத்தம் இருக்கு. ரொம்ப கஞ்சத்தனமா கணக்குப் போட்டா கூட ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துல வெச்சிருந்த மாதிரி பூமியோடதுல மூணுல ஒரு பங்கு, அதாவது 34,000 பாஸ்கல். வெளிய 600 பாஸ்கல், அதை விட்டுத் தள்ளுங்க. 34,000 பாஸ்கல்னா ஒரு சதுர மீட்டருக்கு மூணரை டன். ஓட்டை ரெண்டு மீட்டர் விட்டம்னு வெச்சுக்கங்க, பரப்பளவு மூணு சதுர மீட்டர் சொச்சம், ஆக அந்த பிளாஸ்டிக் ஷீட்டை உள்ளேர்ந்து வெளிய தள்ளுற விசை சுமார் 11 டன். உள்ள பூமி அழுத்தமே இருந்தா 30 டன்னைத் தாண்டும். அந்த ஷீட் பலூன் மாதிரி வெளிப்பக்கம் புடைச்சு கல்லு கணக்கா இறுகி நிக்கணும், இல்ல கிழிஞ்சு அவனையும் சேர்த்து வெளிய துப்பணும், ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும், படபடக்கிறதுக்கு வாய்ப்பே கிடையாது. வெளிய அடிக்கிற 100 கிலோமீட்டர் காத்து கொடுக்கிற அழுத்தம் எவ்வளவு தெரியுமா, 8 பாஸ்கல். 34,000-த்தை 8 எங்க போய் உள்ள தள்ளுறது. இது கதைக்காக தெரிஞ்சு சொன்ன பொய்யும் இல்ல, காசுப் பிரச்சனையும் இல்ல, ஷீட்டை ஆடாம வெளிப்பக்கம் புடைச்ச மாதிரி காட்டியிருந்தா இன்னும் கம்மி செலவு, பயமும் அதிகம்.

ஆனா இதே டேப்பை வெச்சு வர்ற இன்னொரு சீனைப் பாருங்க, ஏர்லாக் வெடிச்ச உடனே ஹெல்மெட் கண்ணாடி விரிசல் விட்டு காத்து கசியும், அவன் டேப் ஒட்டி சமாளிப்பான், உடனே நம்மாளுங்க இதெல்லாம் நடக்குமான்னு சிரிச்சாங்க. கணக்கு போடுங்க: விண்வெளி உடைக்குள்ள அழுத்தம் சுமார் 30,000 பாஸ்கல், விரிசலோட பரப்பு பத்து சதுர சென்டிமீட்டர்னு தாராளமாவே வெச்சுக்குவோம், விசை 30 நியூட்டன், மூணு கிலோ தூக்குற பலம். நல்ல டேப் தாங்கிடும். டேப் அதேதான், பரப்புதான் வேற. அதனால "டேப்பா, ரீல்" அப்படின்னு முடிவு கட்டிடாதீங்க, எத்தனை சதுர சென்டிமீட்டர்னு கேளுங்க. இதுல எனக்கு ஒரே ஒரு சந்தேகம் தூசி. 1972 டிசம்பர்ல அப்போலோ 17 ஆளுங்க நிலாவுல வண்டியோட மட்கார்டு உடைஞ்சு அதுக்கு டேப் ஒட்டினாங்க, நிலாத் தூசியில டேப் பிடிக்காம கழண்டு விழுந்துடுச்சு, அப்புறம் நாலு மேப்பை ஒண்ணா ஒட்டி கிளாம்ப் போட்டு மாட்டினாங்க. டேப் ஒட்டுற சீன் எந்த விண்வெளிப் படத்துல வந்தாலும் முதல்ல துடைச்சானான்னு பாருங்க.

அடுத்து தண்ணி, சாப்பாட்டுக்கு கூடாரத்துக்குள்ளயே உருளைக்கிழங்கு விளைவிக்க அவனுக்கு வேண்டியது. இது படத்தோட பெஸ்ட் பகுதி, கெமிஸ்ட்ரி தெரிஞ்சவனுக்கு விருந்து. ராக்கெட் எரிபொருள் ஹைட்ரஸீனை இரிடியம் கேட்டலிஸ்ட் மேல விட்டா நைட்ரஜனாவும் ஹைட்ரஜனாவும் உடையும், அந்த ஹைட்ரஜனை ஆக்சிஜன்ல எரிச்சா தண்ணி. பிளஸ் டூ கெமிஸ்ட்ரியே போதும்: 32 கிராம் ஹைட்ரஸீன்ல 4 கிராம் ஹைட்ரஜன், அது 32 கிராம் ஆக்சிஜனோட சேர்ந்து 36 கிராம் தண்ணி. அதாவது ஒரு கிலோ ஹைட்ரஸீனுக்கு ஒரு லிட்டரும் ஒரு டம்ளரை விடக் கொஞ்சம் கம்மியும். அவனுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னா, நாவல் கணக்குப்படி வயல் 126 சதுர மீட்டர், மண்ணு பத்து சென்டிமீட்டர் ஆழம், ஆக 12.6 கன மீட்டர் மண்ணு, கன மீட்டருக்கு 40 லிட்டர் ஊத்தினா 500 லிட்டர் வரும், அதுக்கு 445 கிலோ ஹைட்ரஸீன். இதுவரைக்கும் எல்லாரும் போட்டுப் பார்த்துடுவாங்க. விட்டுடறது ஆக்சிஜன், அதுவும் அதே 445 கிலோ வேணும். படத்துல கார்பன் டை ஆக்சைடுலேர்ந்து ஆக்சிஜன் பிரிக்கிற மெஷின் இருக்கு, நிஜத்துலயும் அது வேலை செய்யும்னு பெர்சிவரன்ஸ் ரோவர்ல போன மாக்சிங்கிற கருவி 2021 ஏப்ரல்ல காட்டிடுச்சு, முதல் தடவை 5.4 கிராம், உச்சத்துல மணிக்கு 12 கிராம், 2023-ல வேலையை முடிக்கிற வரைக்கும் மொத்தமே 122 கிராம். அது சும்மா சாம்பிள் மெஷின்தான், ஆனா அந்த 12 கிராம் வேகத்துல 445 கிலோ எடுக்க நாலு வருஷத்துக்கு மேல ஆகும், அப்ப படத்துல இருக்கிறது அதை விட எத்தனை மடங்கு பெருசா இருக்கணும், அதுக்கு கரண்ட் எங்கேர்ந்து வருதுன்னு அடுத்த கேள்வியைக் கேளுங்க. இப்படி ஒரு கேள்விக்குப் பின்னாடி இன்னொண்ணைப் பிடிச்சு இழுக்கிறதுதான் இந்த விளையாட்டே.

அப்படி ஹைட்ரஜனை எரிக்கிறப்ப படத்துல ஒரு தடவை வெடிக்கிறது? அது சரியாத்தான் இருக்கு. அவன் விடற மூச்சுல மிச்சம் இருக்கிற ஆக்சிஜனைக் கணக்குல சேர்க்காம விட்டுடுவான், அது போதும், காத்துல ஹைட்ரஜன் 4 சதவீதம் இருந்தாலே பத்திக்கும். ஹைட்ரஸீன் பயங்கர விஷம்ங்கிறதைத்தான் படம் கொஞ்சம் லேசா விட்டுடுச்சு.

இங்க ஒரு முக்கியமான விஷயம், படத்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கதை எழுதின வருஷத்தைப் பாருங்க. வியர் இதை முதல்ல தன்னோட வெப்சைட்ல அத்தியாயம் அத்தியாயமா போட்டு, 2011-ல தானே புத்தகமா வெளியிட்டவர். கியூரியாசிட்டி ரோவர் செவ்வாய் மண்ணைச் சூடு பண்ணிப் பார்த்து அதுல எடையில சுமார் 2 சதவீதம் தண்ணி இருக்குன்னு சொன்னது 2013-ல. ஒரு கன மீட்டர் மண்ணு ஒன்றரை டன்னுன்னா முப்பது லிட்டர் தண்ணி, பதினேழு கன மீட்டர் மண்ணைத் தோண்டி வறுத்து எடுத்தா 500 லிட்டர் ஆச்சு, உயிரைப் பணயம் வெச்சு ராக்கெட் எரிபொருளை எரிக்கவே வேணாம். எழுதுறப்ப தெரியாத விஷயத்துக்கு எழுத்தாளரைத் திட்ட முடியாது. ஆனா பெர்குளோரேட் விஷயத்துல அந்தச் சலுகை கிடையாது, ஃபீனிக்ஸ் லேண்டர் 2008-லயே செவ்வாய் மண்ணுல அந்த உப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு, தைராய்டைக் கெடுக்கிற சமாச்சாரம், அந்த மண்ணுல விளைஞ்சதை வருஷக்கணக்கா திங்கிறது நல்லதில்ல. நல்லவேளை அது தண்ணியில கரையும், மண்ணை அலசி எடுத்துட்டு விதைக்கலாம், அதுக்கு இன்னும் தண்ணி, இன்னும் ஹைட்ரஸீன்.

உருளைக்கிழங்கு. நூறு கிராமுக்கு சுமார் 77 கலோரி, ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ தின்னா 1,540, ஒல்லியா உயிரோட இருக்கலாம். இந்தியாவுல சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 25 டன் பக்கம், சதுர மீட்டருக்கு ரெண்டரை கிலோ, 126 சதுர மீட்டர்ல ஒரு போகத்துக்கு 315 கிலோ, அதாவது அஞ்சு மாச சாப்பாடு, அதுலயே விதைக்கிழங்கும் எடுத்து வெக்கணும். கிழங்கு விளைய மூணு மாசம் சொச்சம் ஆகும். ஆக கலோரி கணக்கு ஓடிடும், மலத்தை உரமா போடறதும் ஓடிடும், முகம் சுளிக்கிறவங்க சுளிக்கலாம். பெரு நாட்டுல லிமாவுல இருக்கிற சர்வதேச உருளைக்கிழங்கு மையம் நாசாவோட சேர்ந்து 2016-ல ஒரு பெட்டிக்குள்ள செவ்வாய் மாதிரி குளிரும் காத்தும் வெச்சு, உப்பு ஏறின பாலைவன மண்ணுல கிழங்கை முளைக்க வெச்சுக் காட்டினாங்க, அதனால முளைக்குமாங்கிற கேள்வியும் கிட்டத்தட்ட தீர்ந்துச்சு.

இடிக்கிறது வெளிச்சம். கூடாரத்துக்குள்ள வெயில் வராது, விளக்குதான். உள்ளேயே பயிர் வளர்க்க சதுர மீட்டருக்கு 200 வாட்னு வெச்சா கூட 126 சதுர மீட்டருக்கு 25 கிலோவாட், பாதி நேரம்தான் எரியுதுன்னாலும் சராசரி பன்னெண்டரை. செவ்வாய்ல ஒரு சதுர மீட்டர் சோலார் பேனல்ல பகல் ராத்திரி சேர்த்து சராசரியா 50 வாட் வந்தாலே பெரிய விஷயம். அப்ப விளக்குக்கு மட்டும் 250 சதுர மீட்டர் பேனல். வெளிய ஷாட் வரும்போது பாஸ் பண்ணி பேனலை எண்ணுங்க, பக்கத்துல நிக்கிற ஆளை வெச்சு சைஸ் எடுத்துக்கலாம். பாட்டும் மான்டாஜும் வர்ற இடத்துல எப்பவும் உஷாரா இருங்க, கரண்ட் பில்லை மறைக்கிறது அங்கதான்.

படம் ஜெயிக்கிற இடமும் பார்க்கணும்ல. மேப்பைத் திறங்க, செவ்வாய்ல ஒரு டிகிரி 59 கிலோமீட்டர். கதை நடக்கிறது அசிடாலியா சமவெளி, பூமியோட பேசறதுக்காக அவன் தோண்டி எடுக்கிற நாசாவோட பழைய விண்கலம் பாத்ஃபைண்டர் நிஜமாவே 1997 ஜூலை 4 அன்னைக்கு ஏரிஸ் வாலிஸ்ல இறங்கி செப்டம்பரோட பேச்சை நிறுத்தினது, ரெண்டுக்கும் நடுவுல டிகிரியை எண்ணிப் பார்த்தா எண்ணூறு கிலோமீட்டர் பக்கம் வரும், வண்டியில போயிட்டு வர்ற தூரம்தான். அடுத்த ராக்கெட் நிக்கிற ஸ்கியாபரெல்லி பள்ளத்துக்கு 3,200 கிலோமீட்டர்ங்கிறாங்க, அதையும் போட்டுப் பார்த்தேன், சரியா உட்காருது. பாத்ஃபைண்டர் கேமராவைத் திருப்பித் திருப்பி பேசுற ஐடியாவும் அருமை, இங்கிலீஷ் 26 எழுத்தையும் வட்டமா வெச்சா ஒவ்வொண்ணுக்கும் 14 டிகிரிதான், கேமரா எதைக் காட்டுதுன்னு குழப்பம் வரும், அதனால 0-லேர்ந்து 9, A-லேர்ந்து F-னு பதினாறு அட்டை, கேள்விக்குன்னு இன்னொண்ணு, 21 டிகிரி இடைவெளி, கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு இருக்கிற குறியீடு மாதிரி ரெண்டு அட்டைக்கு ஒரு எழுத்து. தமிழ்ல 247-ஐ வெச்சு முயற்சி பண்ணியிருந்தா ஒன்றரை டிகிரிக்கு ஒரு அட்டை, அவன் அங்கயே செட்டில் ஆகியிருக்க வேண்டியதுதான்.

வந்து காப்பாத்த ஏன் இவ்வளவு லேட், உடனே ஒரு ராக்கெட் விட வேண்டியதுதானேன்னு கேக்கிறவங்களுக்கு நம்ம மங்கள்யானைக் காட்டுங்க. அது கிளம்பினது 2013 நவம்பர் 5, நாசாவோட மேவன் கிளம்பினது நவம்பர் 18, ரெண்டும் போய்ச் சேர்ந்தது 2014 செப்டம்பர்ல ரெண்டு மூணு நாள் வித்தியாசத்துல. சொல்லி வெச்சுக்கிட்டு போனதில்ல, பூமியும் செவ்வாயும் தோதான இடத்துக்கு வந்தாதான் கிளம்ப முடியும், அந்தக் கதவு 26 மாசத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும், போய்ச் சேர பத்து மாசம் ஆகும். எந்தப் படத்துலயாவது அவசரம்னு சொல்லி ஒரு வாரத்துல கிளம்பி ஒரு மாசத்துல செவ்வாய்க்குப் போனா, பழைய ராக்கெட்டா புதுசான்னு கேளுங்க, பழசுன்னா அவுட்.

கிளைமாக்ஸ்ல கையுறையைக் குத்தி கிழிச்சு அந்தக் காத்துலயே பறக்கிறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நாவல்ல அது வெறும் பேச்சோட போயிடும், சினிமாவுல பறக்கவே விட்டுட்டாங்க, கையிலேர்ந்து தள்ளினா உடம்போட நடுவுல விசை போகாது, ஆளு பம்பரமா சுத்துவான்.

கடைசியா, நீங்களே போட்டுப் பழகறதுக்கு ஒரு சுலபமான கணக்கு. அவனோட கூட்டாளிங்க போற விண்வெளிக் கப்பல் ஹெர்மிஸ்ல சுத்துற வளையம் ஒண்ணு வரும், அது சுத்துறதாலதான் உள்ள இருக்கிறவங்களுக்கு எடை. ஸ்டாப்வாட்சை எடுத்து ஒரு முழு சுத்துக்கு எத்தனை செகண்ட்னு பாருங்க, கதவு உயரத்தை வெச்சு வளையத்தோட ஆரத்தை மீட்டர்ல குத்துமதிப்பா எடுங்க. ஆரத்தை 39.5-ஆல பெருக்கி, செகண்டோட வர்க்கத்தால வகுத்தா உள்ள இருக்கிற ஈர்ப்பு வரும், பூமின்னா 9.8, செவ்வாய்னா 3.7, நிலான்னா 1.6. ஆரம் 20 மீட்டர்னா செவ்வாய் ஈர்ப்புக்கு 15 செகண்டுக்கு ஒரு சுத்து வேணும், பூமி மாதிரி வேணும்னா 9 செகண்ட். உங்க வாட்ச்ல 30 செகண்ட் வந்துச்சுன்னா உள்ள இருக்கிறது 0.9 கூட கிடையாது, நிலாவுல பாதி, அதுல ஒருத்தர் டிரெட்மில்ல ஜாகிங் போறாருன்னா சந்தேகமே இல்லாம மூணாவது ஜாதிதான். அடுத்த படத்துல சுத்துற கப்பல் வந்தாலும் இதே கணக்குதான், மாத்த வேண்டியது ரெண்டே எண்ணு.